முன் வரைவதும் பின் வரைவதும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்து அன்பர் ஒருவர் எம் இல்லம் தேடி வந்து கேட்டார். தமிழாசிரியர் எழுதுவது இலக்கியக் கட்டுரையாகவே இருக்கும் என்று அவர் எண்ணியிருத்தல் வேண்டும். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். எனினும், எழுத அமர்ந்தபோது வேறொரு பொருளே எம் நெஞ்சில் முந்தி நின்றது. அஃது எம் கையால் நேர்ந்த பிழையொன்றைப் பற்றியது. கணினியில் வரைபு ஒன்றை ஆக்குங்கால், எதன்மேல் எது அமைய வேண்டும் என்பதை யாம் கருதாது விட்டோம்; அதனால் விளைந்தது அப்பிழை. தாம் செய்த நன்மைகளை எழுதுவோர் பலர். செய்த பிழையை எழுதுவதும் ஆசிரியர் கடனே எனத் துணிந்து ஈண்டு எழுதுகின்றோம்.

யாம் பிறந்ததும் இப்பொழுது பணிபுரிவதும் தம்பலகாமத்திலே. இளமையில் நம் கல்லூரியிற் பயின்று, பின்னர் ஆசிரிய கலாசாலை புகுந்து, பயிற்றப்பட்ட ஆசிரியர்க்குரிய சான்றிதழ் பெற்று ஊருக்கே மீண்டோம். திருகோணமலைத் துறைமுகத்தின் தென்மேற்கே, தம்பலகாமக் குடாவை அடுத்து, கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்களின் நடுவே அமைந்தது எம்மூர். ஆதிகோணநாயகர் கோயில் கொண்டருளும் ஊரும் அதுவே. வடகீழ்ப் பருவமழை எம் பெரும்போகத்துக்கு உயிர். நவம்பர், டிசெம்பர் மாதங்களில் அம்மழை மிகும். வயலை வாழ்விக்கும் அந்நீரே, தாழ்ந்த நிலத்துச் சிற்றூர்களிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகளின் வழியை அறுத்து விடுதலும் உண்டு. 1986 ஏப்பிரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. அதனை அறிந்த எம்மூர் முதியோர் வெள்ளம் என்னும் சொல்லை இன்றும் அஞ்சியே உச்சரிப்பர்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், தவணைப் பரீட்சை மழை மிக்க கிழமைகளில் வந்து வீழ்வதால் அப்பிள்ளைகள் அல்லலுறுதலைக் கண்டு, பரீட்சையைச் சில நாள் தள்ளிவைக்குமாறு உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க எம் அதிபர் கருதினார். வெறும் சொல்லால் வேண்டுவதிலும் சான்று காட்டி வேண்டுதல் சிறப்பன்றோ? முன்னைய ஆண்டுகளின் வரவுப் பதிவேடுகளைப் பார்த்து, கிழமைதோறும் வந்த மாணவரின் வீதத்தை ஒரு கோட்டு வரைபாக்கும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. எக்செல் என்னும் விரிதாள் மென்பொருளில் அதனை ஆக்கினோம். மேட்டில் நடப்பதுபோற் சென்ற கோடு மழைக் கிழமைகளிற் பள்ளத்தில் இறங்கி, பின் மெல்ல ஏறிற்று. பதிவேட்டின் நூறு பக்கங்கள் சொல்லாததை அப்பள்ளம் ஒரு நோக்கிற் சொல்லிற்று.

அவ்வளவில் நின்றிருப்பின் நன்றாயிருக்கும். ஆனால் இவை வெள்ளக் கிழமைகள் என்பது பார்த்த உடனே விளங்க வேண்டும் என்று ஓர் ஆசை எம்மைப் பிடித்தது. வரைபின்மேல் ஒரு செவ்வகத்தை வரைந்து, அதற்கு இளநீல நிறம் ஊட்டி, 'வெள்ளக் காலம்' என அதனுள் எழுதினோம். அழகாகவே இருந்தது. ஆனால் அச்செவ்வகம் கோட்டின்மேல் அமர்ந்து, அப்பள்ளத்தை முழுவதும் மூடிவிட்டது. இதனை எங்ஙனம் காணாது விட்டீர் என அன்பர்கள் வினவலாம். நீலத்தின் அடியில் என்ன கிடந்தது என்பது எமக்குத் தெரியும். ஆதலால் அது பிறர்க்குத் தெரியாது என்பது எமக்குத் தெரியவில்லை. மாணவர் கட்டுரைகளில் இதே குற்றத்துக்கு எத்தனையோ முறை சிவப்பு மையாற் கோடிட்டுள்ளோம். தம் மனத்தில் உள்ளது தாளிலும் உள்ளது என்று நம்புதல் எழுதுவோர்க்கெல்லாம் பொதுவான மயக்கம்.

விண்ணப்பம் சென்றது. மழை தொடங்கிய பின்னரே எம்மை அழைத்தனர். அங்கிருந்த அலுவலர் வரைபைக் கையிலெடுத்து நோக்கி, "மாஸ்டர், இந்தக் கிழமைகளில் உங்கள் பாடசாலை மூடிக் கிடந்ததோ? கோடே இல்லையே. பாடசாலை நடக்காத நாளுக்குப் பரீட்சை பற்றிய முறைப்பாடு எப்படி?" என்று கேட்டார். அவர்மேற் குற்றம் இல்லை. யாம் காட்டியதையே அவர் கண்டார். நீலத்தின் கீழே கோடு உண்டு என விளக்கினோம். பதிவேடுகளைக் கொண்டு வருவதாகவும் சொன்னோம். அதற்குக் காலம் போதவில்லை. பரீட்சை குறித்த நாளிலேயே நடந்தது. வழி அறுந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் எழுதவில்லை. அவர்களுள் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி, நன்றாகப் படிப்பவள், தாய்க்கு உதவியாக வீட்டில் நின்றவள் நின்றவளே. அடுத்த தவணைக்கும் வரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பதற்குக் காரணம் பல உண்டு என்று எமக்கு ஆறுதல் சொன்னோர் உண்டு. அஃது உண்மையே. ஆயினும் அக்காரணங்களுள் ஒன்று எம் கையால் இட்ட நீல நிறம் என்பதை மறக்க எம்மால் இயலவில்லை.

அதன்பின், இப்பிழை எவ்வாறு நேர்கின்றது என்பதை ஆராயத் தலைப்பட்டோம். கணினித் திரையில் உருக்களைத் தோற்றுவிக்கும் முறை ஓவியன் கைம்முறையை ஒத்தது. முதலில் வானம், பின் மலை, அதன்பின் மரம், இறுதியில் மரத்தடியில் நிற்கும் மனிதன் என ஓவியன் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டுவான். பின் தீட்டியது முன் தீட்டியதை மறைக்கும். கணினியும் அங்ஙனமே செய்வதால், இதற்கு 'ஓவியன் முறை' என்றே பெயர் இட்டுள்ளனர். நியூவெல் என்னும் பெயருடையார் இருவரும் சாஞ்சா என்பாரும் 1972இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையைச் செப்பஞ்செய்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்று படியும் உருக்களை வரிசைப்படுத்தல் இயலாது என்பதும், அவற்றைத் துண்டாக்கியே தீட்டல் வேண்டும் என்பதும் அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு. நம் ஊரிற் கிடுகு பின்னுவோரைக் கண்டவர்க்கு இது விளங்கும். அங்கே ஓரிதழ் ஒன்றின்மேலும் அடுத்ததன் கீழும் மாறிமாறிச் செல்லும்; எது மேல், எது கீழ் என ஒரு சொல்லிற் கூறல் ஒல்லாது. நல்வேளையாக வரைபுகளில் இத்தகைய பின்னல் அரிது. ஆகவே ஒழுங்கை அறிந்தவன் அதனை ஆளலாம்.

இனி, எக்செல்லின் ஒழுங்கைக் கூறுவோம். வரைபினுள் நாமாக இடும் செவ்வகம், அம்பு, எழுத்துப் பெட்டி ஆகியவை அவ்வரைபின் உறுப்புகள் அனைத்துக்கும் மேலே நிற்கும். 'பின்னுக்கு அனுப்பு' என்னும் கட்டளையை எத்தனை முறை இட்டாலும், அச்செவ்வகம் தன்னையொத்த பிற உருக்களின் பின்னே செல்லுமேயன்றி, கோட்டின் பின்னே செல்லாது. இதனை அறியாது யாம் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அக்கட்டளையோடு போராடினோம். செவ்வகத்தை வரைபுக்கு வெளியே, விரிதாளின்மேல் இட்டு, வரைபின் பின்னணி நிறத்தை நீக்கி, அதன் அடியில் வைத்தலும் ஒரு வழியே. ஆனால் வரைபை நகர்த்தினாலும், தரவு மாறினாலும், கடிதத்துள் வரைபை மட்டும் படியெடுத்தாலும் செவ்வகம் தன் இடத்திலேயே தனித்து நிற்கும். வரைபோடு பிறவாத உரு, அதனோடு வளராது.

ஆகவே உருவாக இடாது, தரவாகவே இடுதல் தக்கது எனக் கண்டோம். வரவு வீதத்துக்கு அடுத்த நிரலில், வெள்ளக் கிழமைகளுக்கு மட்டும் ஓர் எண் இட்டு, அதனைச் சலாகை வரைபாக்கி, சலாகைகளுக்கு இடையே உள்ள வெளியை இல்லாமற் செய்தால், அவை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு நீலப் பட்டையாகும். ஈண்டும் ஒரு முறை இடறினோம். பட்டைக்குத் தனி அளவு வேண்டும் என எண்ணி, அதனைத் துணையச்சில் ஏற்றினோம். பட்டை மீண்டும் கோட்டின்மேலே ஏறிக்கொண்டது! எக்செல் முதலச்சில் உள்ளவற்றையெல்லாம் வரைந்து முடித்த பின்னரே துணையச்சில் உள்ளவற்றை வரையும் என்பது அப்போதுதான் விளங்கிற்று. ஓரச்சுக்குள் அது கொள்ளும் ஒழுங்கு, பரப்பு வரைபு முதலிலும், சலாகை அடுத்தும், கோடு அதன்பின்னும், புள்ளி வரைபு இறுதியிலும் ஆம். நிரல்களை எவ்வரிசையில் இட்டாலும் இவ்வினவொழுங்கு மாறாது. ஒரே இனத்தவற்றுள்தான் நிரல்வரிசை செல்லும். வரவு வீதம் 100ஐ விஞ்சாது அன்றோ? ஆதலின் வெள்ளக் கிழமைகளுக்கு 100 என இட்டு, அச்சின் உச்சத்தையும் 100 ஆக்கி, பட்டையையும் கோட்டையும் முதலச்சிலேயே வைத்தோம். பட்டை கீழே அமைந்தது. கோடு மேலே தோன்றிற்று. நிறத்தைச் சற்று ஊடுருவவும் செய்தபோது, அடியில் இருந்த கிடைக் கோடுகளும் மங்கலாகத் தெரிந்தன.

ஊடுருவும் நிறம் பற்றியும் ஒரு சொல். எம் தம்பலகாமக் குடா முன்னாளில் முத்தெடுத்தற்குப் பெயர்பெற்றது. அச்சிப்பி தட்டையானது, மெல்லியது, ஒளி அதனூடு செல்லும். ஒரு சிப்பியினூடே ஓர் எழுத்தை வாசிக்கலாம். நான்கைந்தை அடுக்கினால் எழுத்து மறையும். அதுபோல, மேலே இட்ட நிறம் ஊடுருவக்கூடியது என்ற துணிவினால் ஒழுங்கைக் கைவிடல் ஆகாது. கீழுள்ள கோட்டின் கருமை வெளிறும். இரண்டு நிறப் பட்டைகள் படிந்தால், எது மேல் என்பதைப் பொறுத்து அவை சேரும் நிறமும் வேறாகும். ஊடுருவல் ஒழுங்குக்குத் துணையாகுமன்றி, ஒழுங்கின் இடத்தைப் பெறாது.

எம் பாடசாலையிலிருந்து உயர்தரம் பயில நம் கல்லூரிக்கு வந்த மாணவன் ஒருவன், தகவல் தொழினுட்பம் கற்பவன், விடுமுறையில் எம்மைக் காண வந்தான். எம் வரைபைக் கண்டு, "சேர், இதைப் பைதனில் செய்து பார்ப்போமா?" என்றான். "செய், தம்பி" என்றோம். 2003ஆம் ஆண்டளவில் ஜோன் ஹண்டர் என்னும் அறிஞர் தொடங்கிய மாட்பிளொட்லிப் என்னும் நிரற்றொகுதியை அவன் எடுத்தாண்டான். அதில் ஒவ்வோர் உருவுக்கும் 'இசட்-ஓடர்' என்னும் ஓர் அடுக்கெண் உண்டு. எண் சிறியது முதலிலும், பெரியது பின்னும் வரையப்படும். நாம் ஒன்றும் சொல்லாவிடின் படங்களுக்கு 0, பட்டைகளுக்கு 1, கோடுகளுக்கு 2, எழுத்துகளுக்கு 3 என அதுவே கொள்ளும். எண் ஒத்திருப்பின், முன் சேர்த்தது முன் வரையப்படும். எமக்கு அது நம் கலாசாலைக் கரும்பலகைப் பயிற்சியை நினைவூட்டிற்று. முதலில் மெல்லிய சட்டகம், பின் உரு, இறுதியில் பெயர் என்றன்றோ எம் ஆசான் கற்பித்தார்!

மாணவனும் ஓரிடத்தில் இடறவே செய்தான். எம் பாடசாலை மழைமானியில் பிள்ளைகள் நாள்தோறும் குறித்த மழையளவையும் அவன் சலாகைகளாகச் சேர்த்தான். மழை மில்லிமீற்றரிலும் வரவு வீதத்திலும் இருத்தலால், மழைக்கு இரட்டை அச்சொன்று அமைத்தான். சலாகைகள் கோட்டை மூடின. கோட்டின் அடுக்கெண்ணை 100 ஆக்கினான், பயன் இல்லை. "ஏன் சேர் கேட்குதில்லை?" என்று திகைத்தான். ஓரச்சுச் சட்டத்துள் உள்ள அடுக்கெண் அச்சட்டத்துக்குள் மட்டுமே செல்லும். இரண்டாவது சட்டம் முழுவதும் முதலாவதன்மேல் வந்து படிகின்றது. எக்செல்லில் யாம் கண்டதும் இதுவே அன்றோ என்று சொன்னோம். அவன் முதற் சட்டத்தையே இரண்டாவதன்மேல் உயர்த்தி, அதன் வெள்ளைப் பின்னணியை மறைத்தான். பின்னணியை மறையாது விட்டிருப்பின் சலாகைகள் அவ்வெள்ளையின் கீழ் அடங்கிப் போயிருக்கும். இப்பொழுது மழை கீழே ஓங்க, வரவு மேலே தாழ்வது தெளிவாயிற்று. தமிழாசிரியரும் கணினி மாணவனும் ஒரே குழியில் விழுந்து ஒரே கயிற்றைப் பற்றி ஏறிய அந்நாள் எமக்கு இன்பந் தந்த நாள்.

மென்பொருள்தோறும் மரபு வேறு என்பதை அவன் பின்னும் காட்டினான். ஜிஜிபிளொட்2 என்பதில் சேர்த்த வரிசையே வரையும் வரிசை. இறுதியிற் சேர்த்தது உச்சியில் நிற்கும். இணையப் பக்கங்களுக்கான சாட்.ஜேஎஸ் என்பதிலோ, முதலாவது தரவுத் தொடரே மேலே நிற்கும். அதில் நம் கைவரைவைச் சேர்க்க விரும்புவோர், தரவு வரையப்படுமுன் ஒரு வாயிலையும், வரையப்பட்டபின் வேறொரு வாயிலையும் காண்பர். பட்டை போன்ற பின்னணியை முன் வாயிலாலும், அம்பு, குறிப்பு ஆகியவற்றைப் பின் வாயிலாலும் அனுப்புதல் முறை. வாயில் மாறினால் எமக்கு நேர்ந்ததே அவர்க்கும் நேரும். ஆகவே எம்மென்பொருளைக் கையாள்வோரும் முதற்கண் வினவ வேண்டியவை இரண்டு: யாம் சொல்லாவிடின் இது எதனை முன் வரைகின்றது? யாம் சொல்லும் சொல் எவ்வெல்லை வரை செல்லும்?

இவற்றையெல்லாம் கற்றபின் எமக்கென ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டோம். நிலம் முதலில், அதன்மேல் அளவுக் கோடுகள், அதன்மேல் தரவு, அதன்மேல் சுட்டும் குறிகள், எல்லாவற்றுக்கும் மேலே எழுத்து. நாமாகச் சேர்க்கும் எவ்வுருவும் விருந்தாளி போன்றது. வீட்டாரை மறைத்து நிற்றல் விருந்தினர்க்கு அழகன்று. மேலே நிற்கவேண்டிய எழுத்தும் தரவின்மேல் ஏறாது, அதன் அருகே ஒதுங்கி நிற்றல் வேண்டும். வரைபை முடித்தபின், அதனைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் கையிற் கொடுத்து, "இதில் நீர் காண்பது யாது?" எனக் கேட்டல் இறுதிச் சோதனை. எம் மனையாளே இன்று எமக்கு அச்சோதகர். அவர் காணாத கோட்டை யாம் அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை.

வரைபு என்னும் கலை புதியதன்று. காலத்தோடு மாறும் தொகைகளைக் கோடுகளாகக் காட்டிய வில்லியம் பிளேஃபெயரின் நூல் 1786இல் வெளிவந்தது. அக்காலத்தில் அச்சிட்ட கோட்டின்மேல் கையால் நிறம் தீட்டினர். எதன்மேல் நிறம் படிகின்றது என்பதைத் தீட்டுவோன் கண் ஒவ்வொரு படியிலும் கண்டது. இன்று அக்கண்ணின் பணியை மென்பொருள் ஏற்றுள்ளது. அஃது எமக்காக ஓர் ஒழுங்கைத் தேர்ந்துகொள்கின்றது. தேர்ந்ததாகச் சொல்வதும் இல்லை. நம் முன்னோரும் இதனை அறியாதவர் அல்லர். ஏட்டில் எழுத்தாணியாற் கீறி, அதன் பின்னரே கரி பூசித் துடைப்பர். கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்துத் தோன்றும். கரி முன்னும் கீறல் பின்னும் ஆகுமெனின் ஏடு கறுக்குமேயன்றி எழுத்து விளங்காது.

அடுத்த ஆண்டு, மழைக்கு நெடுநாள் முன்னரே, திருத்திய வரைபோடு அதே அலுவலகம் சென்றோம். அதே அலுவலர் அதனை நோக்கினார். நீலப் பட்டையின்மேல் இறங்கிய கோட்டை விரலால் தொடர்ந்து சென்று, பள்ளத்தின் அடியில் விரலை நிறுத்தி, "இவ்வளவு பிள்ளைகளா வரவில்லை?" என்றார். யாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைக் கோடு சொல்லிற்று. எம் பாடசாலைப் பரீட்சையை ஒரு கிழமை தள்ளிவைக்க இசைந்தனர். பெரும் வெற்றி எனச் சொல்லோம். மழை எம் கணக்குக்குள் அடங்குவதன்று. எனினும் அவ்வாண்டு சிற்றூர்ப் பிள்ளைகள் பெரும்பாலோர் வந்து எழுதினர். அவர்கள் வரிசையில் அம்மாணவி இல்லை என்பதையும் எம் கண் கண்டது.

போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் கோயிலை இடித்த காலத்து, அடியார் சிலர் திருவுருவங்களை மறைத்து வைத்தனர் என்பதும், பின்னாளில் அவை தம்பலகாமத்தில் எழுந்தருளின என்பதும் எம்மூரில் வழிவழி வரும் செய்தி. மறைந்து கிடப்பது இல்லாதது ஆகாது. அதனை மேலே கொணர்வாரே வேண்டும். திருவுருவை மறைத்தோர் காத்தற்பொருட்டு மறைத்தனர். யாமோ அழகின்பொருட்டுப் பிள்ளைகளை மறைத்தோம்.

இளைய மாணவர்காள்! நாளை நீவிர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் அலுவலராகவும் ஆகி, எத்தனையோ வரைபுகளை ஆக்குவீர். அவற்றின் ஒவ்வொரு கோட்டின் கீழும் மக்கள் உளர். நுமது நிறத்தை அவர்மேல் இடாது, அவர்க்குக் கீழே இடுவீராக. எமக்கு எழுத்தறிவித்த நம் கல்லூரி நீடு வாழ்க.